நக்கிப் பார்த்துக் கட்டிய கிணறு

எங்கள் மேட்டுக் கிணற்றின் உட்சுவரில் இருக்கிற ஒவ்வொரு செங்கல்லும் ஒரு பெண்ணின் நாக்கில் பட்ட பிறகுதான் அங்கே போய் உட்கார்ந்தது. நான் சொல்லச் சொல்ல இதை ஓலையில் எழுதிக்கொண்டிருக்கும் என் மருமகனுக்கு 'நக்கி' என்ற சொல் வரும்போதெல்லாம் எழுத்தாணி நின்றுவிடுகிறது. 'சுவைத்து' என்று போடட்டுமா என்று கேட்கிறார். நாங்கள் ஒன்றும் விருந்து சாப்பிடவில்லை, நக்கித்தான் பார்த்தோம், அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பழவேற்காட்டு ஏரியில் வலையே இல்லாமல் பிழைக்கிறவர்கள் நாங்கள். பக்கத்துக் குப்பத்தில் கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்களுக்குத் தோணி உண்டு, வலை உண்டு, எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை உண்டு. எங்களுக்கு இரண்டு கை, இரண்டு கால், பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முட்டி போட்டு, சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். கையில் தட்டுப்படுகிற இறாலை எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறியில் போட வேண்டும். நாள் முழுக்க வாயில் பறி இருப்பதால் எங்கள் ஜனம் அதிகம் பேசாது என்று குப்பத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் என் மாமியாரோடு பேசிப் பார்த்ததில்லை.

நான் கல்யாணமாகி இந்த மணல் மேட்டுக்கு வந்தபோது இங்கே ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. சுட்ட மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி என் மாமனார் தன் கையால் வெட்டியது. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்பு. அந்த ஓரிடத்தில் மட்டும் மழைத் தண்ணீர் மணலுக்குள் தங்கி இளநீர் மாதிரி இருக்கும். எங்கள் மேடும் பக்கத்துக் குப்பமும் அதைத்தான் குடித்தன. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் என் மாமியார் தினமும் முதல் குடத்தைத் தானே இறைப்பாள். வேறு யாராவது முந்திவிட்டால் அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

ஒரு மாசி மாதம் பூமி குலுங்கியது. விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. நான் ஏரியில் இருந்தேன். என் முட்டிக்குக் கீழே சேறு தானாக அசைந்தது. தண்ணீர் கொதிக்கிற பானை மாதிரி தளதளவென்று ஆடியது. பிடிக்காமலே இறால்கள் துள்ளி வெளியே விழுந்தன. நான் முட்டாள்தனமாக அதில் நாலைப் பிடித்துப் பறியில் போட்டேன், கைப்பழக்கம். பிறகுதான் பயம் வந்தது. கோட்டைப் பக்கம் பெரிய சத்தம் கேட்டு, அதன் பின்னாலேயே மஞ்சள் நிறத்தில் புழுதி எழுந்தது. கோட்டையிலிருந்து வியாபாரம் செய்கிற உலாந்தா வெள்ளைக்காரர்களுடைய சரக்குக் கிடங்கின் ஏரிப்பக்கத்துச் சுவர் அப்படியே படகுத்துறையில் சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. நல்லவேளை, அந்த நேரத்தில் துறையில் ஆள் இல்லை.

எங்கள் மேட்டில் எல்லாம் ஓலைக் குடிசை. ஓலைக் குடிசைக்கு விழத் தெரியாது. கொஞ்சம் ஆடிவிட்டுச் சும்மா நின்றுகொண்டது. ஆனால் கிணற்றைக் காணோம். உறைகள் உடைந்து, ஈரமணல் பொங்கி உள்ளே இறங்கி, கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியும்தான் மிச்சம். என் மாமியார் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மேலும் இழுத்தாள். யாரும் போய் அவள் கையைப் பிடிக்கத் துணியவில்லை.

அன்று மாலையே அவள் முடிவு சொல்லிவிட்டாள்.

"அவரு வெட்டின கெணறே பூட்டுது. இனி இன்னா கீது இங்க? திருப்பாலைவனம் பக்கம் நடவுக்கு ஆள் எடுப்பாங்கோ. அங்க போய்ப் பொழைச்சிக்கலாம்."

"உறை வாங்கியாந்து வேற கெணறு போட்டுக்கலாம்மா" என்றார் என் புருஷன்.

போட்டிருக்கலாம்தான். உறை செய்கிற குயவர்களின் ஊரிலும் சூளை சரிந்து கிடந்தது. அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். ஒரு வருஷம் முழுக்கத் தூரத்துக் குளத்திலிருந்து குடம் சுமக்க முடியுமா?

எனக்கு நாற்று நடத் தெரியாது. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம், அது பெரிய விஷயம் இல்லை. கலங்கல் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு ஆண் நண்டா பெண் நண்டா என்று விரல் நுனியால் சொல்கிறவள் நான். அடுத்தவன் வயலில் வரப்போரம் நின்று கூலிக்குக் கை நீட்டுவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இந்த ஏரிதான் வேண்டும். ஏரி வேண்டுமென்றால் மேட்டில் தண்ணீர் வேண்டும். நடவுக்கு ஆள் எடுக்கிற புரட்டாசிக்குள் கிணறு வராவிட்டால் வீடு கிளம்பிவிடும். ஏற்கெனவே கோடியில் இருந்த வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதுதான் வெள்ளைக்காரர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி கோட்டையிலிருந்து வந்தார். துறை அடைத்துக் கிடப்பதால் படகு எதுவும் கரைக்கு வர முடியவில்லை. குப்பத்துக்காரர்கள் வலை போட்டு இழுத்துப் பார்த்ததில் வலை கிழிந்ததுதான் மிச்சம். தண்ணீரோ கலங்கல், உள்ளே என்ன கிடக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணை நம்பாமல் ஏரியில் வேலை செய்கிறவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். குப்பத்துக்காரர்களே எங்கள் மேட்டைக் காட்டிவிட்டார்கள். முழுச் செங்கல்லை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மறுபடி கிடங்கு கட்ட. கூலியாக எங்களுக்கு நெல் தருவார்கள்.

"ஒடைஞ்ச கல்லு?" என்று கேட்டேன்.

"அதை வச்சி இன்னா பண்ணுவே?"

"எங்களுக்குக் குடுங்க."

துபாஷி தோளைக் குலுக்கிவிட்டு எடுத்துக்கொள் என்றார். என் புருஷன் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வட்டமாகக் கட்டுகிற கிணற்றுக்கு முழுச் செங்கல் எதற்கு? அரைச் செங்கல்தான் வளைவுக்கு வசதி.

மறுநாள் மேட்டில் இருந்த ஆண் பெண் எல்லோரும் துறையில் இறங்கினோம். இறால் தடவுகிற மாதிரியே முட்டி போட்டு வரிசையாக நகர்ந்தோம். காலால் முதலில் தேடுவது, பிறகு கையால் தடவி ஓரங்களைப் பார்ப்பது, மேலே இருப்பது எது, எதை எடுத்தால் எது சரியும் என்று விரலாலேயே தெரிந்துகொண்டு எடுப்பது. நண்டு ஓடும், கடிக்கும். செங்கல் ஓடவும் ஓடாது, கடிக்கவும் கடிக்காது. இதைவிடச் சுகமான வேட்டை உண்டா என்று நான் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே உடைந்த விளிம்பு ஒன்று என் உள்ளங்காலைக் கிழித்தது. அதற்கப்புறம் செங்கல்லைப் பற்றி நான் லேசாகப் பேசுவதில்லை.

குப்பத்துக்காரர்கள் தோணியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தார்கள். கிணறு அவர்களுக்கும் போயிற்றே. நாங்கள் எடுத்துத் தர, அவர்கள் அடுக்கினார்கள். சின்னச் சின்ன மஞ்சள் செங்கற்கள். கப்பல் தள்ளாடாமல் இருக்க அடியில் பாரமாக ஏற்றிக்கொண்டு வந்தவையாம். அவ்வளவு தூரம் கடலில் வந்து எங்கள் ஏரிச் சேற்றில் விழுந்து, கடைசியில் என் காலில் தட்டுப்பட வேண்டும் என்று இருந்திருக்கிறது. துறை திறந்து முதல் படகு உள்ளே வந்த அன்று கோட்டை வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கிடங்கைத் தாண்டிப் போகும்போது, இது எங்கள் கால் கண்டுபிடித்த சுவர் என்று நான் சொல்லாமல் போனதில்லை. என்னோடு வருகிறவர்களுக்குச் சலித்துவிட்டது.

உடைந்ததில் ஒரு துண்டைக்கூட நாங்கள் வீணாக்கவில்லை. பாதிக் கல்லெல்லாம் கிணற்றுக்கு. அதைவிடச் சிறிய துண்டுகளை உரலில் இடித்துத் தூளாக்கினோம், சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்தால் கல்லை ஒட்டுகிற காரை தண்ணீருக்குள்ளும் இறுகும். சுண்ணாம்பு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கற்களில் ஒட்டியிருந்த பழைய காரைப் பொருக்குகளை ஏரியிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற வழியில் கொட்டிப் பரப்பினோம். அதுவரை கால் புதைகிற மணலாக இருந்த வழி அது.

நகரத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். பழைய கிணற்றுக்குப் பக்கத்தில், பனங்கட்டையில் வட்டம் செய்து தரையில் வைத்து, அதன்மேல் செங்கல் கட்டி, உள்ளேயிருந்து மணலை வாரி வாரி வெளியே போடப் போட, சுவர் தன் பாரத்தில் தானே கீழே இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. சித்திரை வெயிலில் கிணறு முடிந்தது. ஊற்று வந்தது. ஒரு நாள் விட்டுத் தெளியவைத்து, முதல் குடத்தை மாமியார் கையில் கொடுத்தோம்.

அவள் குடித்தாள். எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு வாயில் இருந்ததை மணலில் துப்பினாள்.

"உப்பு" என்றாள். "பூமியே உப்பாப் பூட்டுது. ஏரி உள்ளாற வந்துடுச்சி. அவரு இருந்தாலும் இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தோடேயே கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து, கையால் மணலைத் தோண்டினேன். நண்டு வளையைத் தோண்டுகிற மாதிரி, முழங்கை வரை, பிறகு தோள் வரை. அடியில் கசிந்த தண்ணீரைக் குழித்த கையில் அள்ளி வாயில் விட்டேன். இனித்தது.

கிணற்றுக்குள் உப்பு, பக்கத்திலேயே இனிப்பு. அப்படியானால் பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் உள்ளே கொண்டுபோய் வைத்ததில்தான் கோளாறு. மிச்சம் கிடந்த ஒரு பாதிச் செங்கல்லை எடுத்து நக்கினேன். கருவாட்டை நக்கின மாதிரி இருந்தது.

எங்கள் ஜனத்தைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். ஏரியில் எதை எடுத்தாலும் ஏரியிலேயே கழுவுவது எங்கள் வழக்கம். இறால், நண்டு, சட்டி, பானை, பிள்ளைகள் எல்லாம் அதே தண்ணீரில்தான். செங்கல்லையும் அப்படித்தான் கழுவினோம். அதுவும் சும்மா இல்லை, கிணற்றுக்குப் போகிறதாயிற்றே என்று பக்தியோடு தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, ஏரித் தண்ணீரிலேயே ஊறவிட்டு, பளபளவென்று கழுவினோம். ஒருத்திக்குக்கூட வேறு மாதிரி தோன்றவில்லை. செங்கல் வயிறு முட்ட உப்பைக் குடித்துவிட்டு அமைதியாகப் போய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டது.

காரை இன்னும் முழுசாக இறுகாதது எங்கள் பாக்கியம். வரிசை வரிசையாகப் பிரித்து வெளியே எடுத்து, மேட்டு மணல் முழுக்கப் பரப்பினோம். வெயிலில் காயக் காய ஒவ்வொரு கல்லின் மேலும் வெள்ளையாக உப்பு பூத்தது. அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். ஆடியில் சாயங்கால மழை தொடங்கும். தூரத்துக் குளமும் வெயிலில் வற்றிப்போனதால் அதுவரை நான் தோண்டின மாதிரி சின்னச் சின்ன ஊற்றுகளில்தான் பிழைப்பு. ஒரு செம்பு அள்ளினால் இனிக்கும், ஒரு குடம் அள்ளினால் உவர்ப்பு ஏறிவிடும். முதல் செம்பு குழந்தைகளுக்கு. கூழ் காய்ச்சுவது உவர்ப்புத் தண்ணீரில். கூழுக்கு உப்பே போட வேண்டியதில்லை. போடாமலே கரிக்கும். உப்புச் சட்டியை எடுக்க வேலையே இல்லாததால் என் மாமியார் அதை, புரட்டாசியில் கிளம்புவதற்காகக் கட்டத் தொடங்கிய மூட்டைக்குள் முதல் ஆளாக வைத்துவிட்டாள். அந்த மூட்டை வீட்டு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழை வந்தது. எல்லோரும் பானைகளை வெளியே வைத்துப் பிடித்தோம். நான் பிடித்ததில் பாதியைக் கொண்டுபோய்ச் செங்கல் மேல் ஊற்றினேன்.

"குடிக்கத் தண்ணி இல்ல, செங்கல்லுக்குக் குளியலாடி?" என்று மாமியார் கத்தினாள்.

"குளிக்கட்டும் அத்தை. ஏரில குளிச்ச அழுக்கு போவணும் இல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று மழையில் சரியாகத் தெரியவில்லை.

மழையில் நனைய, வெயிலில் காய, உப்பைத் தட்ட, மறுபடி நனைய என்று ஆடி போயிற்று, ஆவணியும் பாதி போயிற்று. பிறகு நக்கிப் பார்க்கத் தொடங்கினோம். காய்ந்த பிறகுதான் நக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற உப்பு மேலே வந்து நிற்கும். காலையில் கருவாடு தின்றவள் வரக்கூடாது என்று சட்டம் போட்டோம். வெற்றிலை போடுகிறவள் வரவே கூடாது. கொஞ்ச நேரத்திலேயே நாக்கு மரத்துவிடும், புண்ணாகிவிடும். ஊற்றுத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அடுத்தவளிடம் விட்டுவிட வேண்டும். குப்பத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மேட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செங்கல் நக்குகிறார்கள் என்ற செய்தி கோட்டைவரை போய், வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. வந்தவர்கள் கையிலும் ஆளுக்கொரு கல்லைக் கொடுத்தோம்.

தன்னைச் சேர்க்கவில்லை என்பதுதான் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. அவள் வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

"நீங்கோ இன்னா லட்சணத்துல பாக்குறீங்கோன்னு எனக்குத் தெரியாதா? நக்கிட்டு 'சரி சரி'னு போட்டுக்கினே இருப்பீங்கோ. மறுபடி உப்புத் தண்ணி குடிக்கணும்."

மறுநாள் காலையில் அவள் வெற்றிலைப் பையைக் கூரை எரவாணத்தில் சொருகினாள். உமிக்கரியால் பல் தேய்த்து, நாக்கை வழித்து, இரண்டு நாள் சும்மா இருந்து வாயைச் சுத்தமாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கள் கூட்டத்தை உடைக்கத்தான் வந்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாங்கள் தள்ளிவைத்த நல்ல கற்களை எடுத்து, ஒவ்வொன்றாக நக்கி, "இது கரிக்குது", "இதுவும்", "இன்னாத்தைப் பாத்தே நீ?" என்று திரும்ப மழைக்கு வீசினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு சாயங்காலம் அவள் வீசிய கல்லை யாருக்கும் தெரியாமல் எடுத்து நக்கிப் பார்த்தேன். மெலிதாக, நாக்கின் ஓரத்தில், உப்பு இருக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு நான் எரிச்சல்படுவதை நிறுத்திவிட்டேன். கிணறு வரக்கூடாது என்று நினைக்கிறவளே நல்லது என்று சொல்லிவிட்டால், அந்தக் கல்லில் இனி யார் குறை கண்டுபிடிக்க முடியும்?

நாங்கள் பார்த்த கற்களையெல்லாம் கடைசியாக அவளிடம் கொண்டுபோனோம். அவள் தள்ளியது போக மிஞ்சியதைத்தான் கொத்தனாரிடம் கொடுத்தோம். அவரும் ஒவ்வொரு கல்லையும் வாங்கும்போது, "வாய் வச்சதுதானே?" என்று கேட்டுவிட்டே வைத்தார். காரைக்கு மேட்டு மணல், மழைத் தண்ணீர். செங்கல் தூளைக்கூட விடாமல் அலசிக் காயவைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தோம். சுவர் மறுபடி மணலுக்குள் இறங்கியது. இந்த முறை அது இறங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஏரிக்குப் போய்விட்டேன்.

புரட்டாசி பிறந்தது. நடவுக்கு ஆள் கேட்டுத் திருப்பாலைவனத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கிளம்புவது என்று மாமியார் சொன்னாள். என் புருஷன் கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் ஊறித் தெளிந்துகொண்டிருந்தது. யாரும் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை. போன முறை மாதிரி எல்லோரும் கூடி நின்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.

விடிகாலையில் நான் போய் ஒரு குடம் இறைத்து வந்தேன். முதல் குடம் அவளுடையது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இறைத்தேன். குடிக்கவில்லை, பயம். நேராகச் சட்டியில் ஊற்றி, கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினேன். கிளம்புகிற நாளில் வயிற்றுக்கு ஏதாவது வேண்டுமே. ஆற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி இது? கூழுல உப்பே இல்ல!"

"மறந்துட்டேன் அத்தை. இத்தினி மாசமா போடறதே இல்லையே."

கிண்ணத்தை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடியே அவள் கை அப்படியே நின்றது. பிறகு இன்னொரு வாய் குடித்தாள். இந்த முறை மெதுவாக, நாக்கில் நிறுத்தி, செங்கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். என் புருஷன் கயிற்றைக் கீழே போட்டார்.

அவள் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. எழுந்து மூலைக்குப் போனாள். மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. சேலைகளைத் தள்ளி, உறியைத் தள்ளி, அடியில் இருந்த உப்புச் சட்டியை வெளியே எடுத்தாள்.

கூழில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் குடித்தாள். பிறகு சட்டியைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில், அதன் பழைய இடத்தில் வைத்தாள்.